எந்த வியர்வை

அந்த லாண்டரியின் நீராவிக்கு ஒரு மணம் உண்டு. சோடாவும் சூடேறிய பருத்தியும் கலந்த மணம். தெருமுனை திரும்பும்போதே மூக்கைத் தொடும். வீட்டுக்குப் போய்க் குளித்துத் தலை துவட்டினாலும் முடிக்குள் ஒளிந்திருக்கும். நான் அங்கே கிழிசல் தைப்பவள். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளில் ஓரம் பிரிந்தது, சிகரெட் சுட்டது, கட்டில் ஆணியில் மாட்டிக் கிழிந்தது என்று ஒதுக்கி என் பக்கம் தள்ளுவார்கள். ஜன்னலோரம் என் தையல் மெஷின். அங்கே உட்கார்ந்தால் கூடம் முழுவதும் கண்ணில் விழும். ஒரு பக்கம் துவைக்கும் எந்திரங்கள், பின்னால் பாய்லர்காரர் பார்த்துக்கொள்ளும் பாய்லர் அறை, நடுவில் ஈரத் துணியை உலர்த்தித் தேய்த்துத் தரும் அந்தப் பெரிய உருளை.

உருளை ஓர் ஆள் நீளத்துக்கு மேல் இருக்கும். உள்ளே நீராவி ஓடும். ஈர விரிப்பின் இரண்டு மூலைகளையும் இரண்டு பேர் பிடித்து, ஒரே இழுப்பில் அதன் வாயில் கொடுக்க வேண்டும். ஒருவர் முந்தினாலும் துணி கோணிக்கொண்டு போய்ச் சுருக்கம் விழுந்துவிடும். பிறகு திரும்ப நனைக்க வேண்டியதுதான். வலது முனையில் லாண்டரிக்காரரின் மனைவி நிற்பாள். நான் அவளை அண்ணி என்பேன், அவரை அண்ணன் என்பேன். ரத்த உறவு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியாக வந்து, வேலைக்காரியாகி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் அத்தையாகிவிட்டேன். இடது முனையில் மூத்தவன் நின்றான். அவன் போன பிறகு அவன் தங்கை நிற்கிறாள். சின்னவள் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

மூத்தவனுக்கு எட்டு வயதில் சர்க்கரை வியாதி வந்தது. வயதானவர்களுக்கு வருகிற வகை அல்ல. உடம்பு இன்சுலின் சுரப்பதையே விட்டுவிட, காலம் முழுக்க ஊசியில் ஓட்ட வேண்டிய வகை. பல வருடம் கழித்துச் சின்னவளுக்குப் பதினொரு வயதில் தாகமும் இளைப்புமாக அதுவே வந்தபோது, டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி, "தெரியும், ஊசி அளவை மட்டும் சொல்லுங்க" என்றாளாம்.

அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு பாடம் மனப்பாடம். பிள்ளைக்கு வேர்த்தால் சர்க்கரை இறங்கிவிட்டது, அவர்கள் பேச்சில் 'லோ', உடனே குளுக்கோஸ் கரைத்துக் கொடு. பாய்லர் கொதிக்கும் இடத்தில் யாருக்குத்தான் வேர்க்காது? கதவோரம் பானையில் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் எப்போதும் இருக்கும். குடிப்பதும் வேர்ப்பதுமாகத்தான் பகல் போகும். ஆனால் அண்ணிக்கு வித்தியாசம் தெரியும். உருளைச் சூட்டில் வருவது வழியும். சர்க்கரை இறங்கினால் வருவது மேலுதட்டிலும் நெற்றியிலும் முத்து முத்தாக நிற்கும், தொட்டால் சில்லிடும். கூடத்தின் அந்தக் கோடியில் நின்றுகொண்டே, "டேய், போய்க் குடிச்சிட்டு வா" என்பாள். ஒருநாளும் தப்பியதில்லை. மூன்றாவதாக ஒரு வியர்வை உண்டு என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. எங்களில் யாருக்கும் தெரியாது.

வெயில் கொளுத்திய ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், மூத்தவன் கையிலிருந்து விரிப்பின் மூலை நழுவியது. அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. காலையிலிருந்தே தோள்பட்டை கனக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். "மூட்டை தூக்கினா கனக்காம பூ மாதிரியா இருக்கும்?" என்று பாய்லர்காரர் கேலி செய்தார். நெற்றியில் முத்து முத்தாக நின்றது. தொட்டால் சில்லென்று இருந்தது. அரைநாள் பள்ளிக்கூடம் முடிந்து வந்திருந்த சின்னவள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, அண்ணாவுக்கு லோ" என்று கத்திவிட்டு ஓடிப்போய்க் கரைத்துக்கொண்டு வந்தாள். அவன் குடித்தான். "இப்ப சரியாயிடும்" என்று சிரித்தான். மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தான். சரியாகவில்லை. இன்னொரு டம்ளர் கரைத்தாள். விரலைக் குத்திப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. சந்தேகம் இருந்தால்தானே தோன்றும்?

துணி ஏற்றும் வேனிலேயே கொண்டுபோனார்கள். மாரடைப்பு என்றார்கள். "நெஞ்சு வலிச்சுதுன்னு சொல்லலியா?" என்று கேட்டார்கள். சொல்லவில்லை. ரொம்ப வருடம் சர்க்கரையோடு இருந்தவர்களில் சிலருக்கு அந்த வலி தெரியாதாம். நரம்பு மரத்துப் போயிருக்குமாம்.

அப்போது அந்த ஆஸ்பத்திரித் துணியும் இந்த லாண்டரிக்குத்தான் வந்துகொண்டிருந்தது. வழக்கப்படி மூட்டை வந்து இறங்கியது. அண்ணி அதைப் பிரித்து, ஒவ்வொரு விரிப்பாக எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். அவனைப் படுக்கவைத்த விரிப்பு எது என்று தேடினாள். அண்ணன் வந்து பிடுங்கவில்லை, திட்டவில்லை. வேனை வரச்சொல்லி, மூட்டையைத் திரும்ப ஏற்றி, அந்த ஆர்டரையே விட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஓட்டல் துணி மட்டும்தான்.

மூன்று வருடம் ஓடியது. சின்னவள் கல்லூரி முடிந்து வந்தால் நேரே உருளைக்கு வந்துவிடுவாள். அண்ணன் வேண்டாம் என்றார். "ஆள் வெச்சா கோணலா விடுறாங்கப்பா" என்றாள். உண்மைதான். அண்ணியின் கைக்கு ஈடுகொடுக்க அவளால்தான் முடிந்தது. மூத்தவனும் சின்னவளும் ஒரே அச்சு. அதே ஒல்லிக் கழுத்து. நெற்றியை முழங்கையால் அதே மாதிரி துடைப்பாள். நீராவி கூடத்தை மறைத்திருக்கும்போது இடது முனையில் தெரிவது வெறும் தோளும் பிடரியும்தான். அப்போது அண்ணி தன்னை அறியாமல், "டேய், இழுத்துப் பிடி" என்பாள்.

சின்னவள் திருத்த மாட்டாள். "சரிம்மா" என்பாள்.

எனக்குத்தான் ஊசி தவறிப்போகும். பாய்லர்காரர் பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். நீராவி திறக்கும் முன்னால் மூத்தவன் ஒரு விசில் அடிப்பான். வால்வைத் தொடும்போதெல்லாம் அதற்காக ஒரு நிமிடம் காத்திருக்கத் தோன்றுகிறது என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "வராதுன்னு தெரியும். ஆனா கை நின்னுடுது" என்றார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சின்னவளைச் சர்க்கரை டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும். அண்ணன் லாண்டரியை விட்டு வரமாட்டார். அண்ணிக்கு அந்தப் படியைத் தனியாக ஏறத் தைரியமில்லை. அதனால் நானும் போவேன்.

அன்று நர்ஸ் சின்னவளின் முழங்கைக்கு மேல் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டிக் காற்றடித்தாள். பார்த்தாள். எழுதவில்லை. "ஓடி வந்தியாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லையே. ரொம்ப நேரமா உக்காந்திருக்கேன்."

"சரி, காலைத் தொங்கப்போடாம தரையில வை. பேசாத." மறுபடி அடித்தாள். பிறகு அடுத்த கையில். பிறகு எழுந்து உள்ளே போனாள்.

அண்ணி என் முழங்கையைப் பிடித்தாள். "என்னாச்சாம்?" என்றாள். எனக்கென்ன தெரியும்?

டாக்டரம்மா நிதானமான மனுஷி. சுற்றி வளைக்காமல் பேசுவாள். "போன தடவையே கொஞ்சம் ஏறித்தான் இருந்துச்சு. அதுக்கு முந்தின தடவையும். இன்னைக்கு நூத்தி நாப்பதுக்கு மேல காட்டுது. இங்க வந்தா பயத்துல ஏறுதா, வீட்லயும் இப்படித்தான் இருக்கான்னு தெரியணும். ஒரு சின்ன மெஷின் தரேன். ஒரு நாள் முழுக்கக் கையில கட்டிக்கிட்டு இருக்கணும். அதுவா அப்பப்ப காத்தடிச்சுப் பார்த்துக்கும். நீ உன் வேலையைப் பாக்கலாம்."

"அடுத்த மாசம் கட்டிக்கிறேன் டாக்டர். பரீட்சை இருக்கு" என்றாள் சின்னவள். குரல் மரக்கட்டை மாதிரி இருந்தது.

"இவளுக்குப் பத்தொம்போது வயசு டாக்டர்" என்றாள் அண்ணி.

"தெரியும்மா. சர்க்கரை இருக்கிற பிள்ளைங்களுக்கு இந்த வயசுலயே பிரஷர் வரலாம். வந்தா வெளிய தெரியாது. தலைவலி, மயக்கம் ஒண்ணும் இருக்காது. உள்ள ரத்தக் குழாயையும் இதயத்தையும் கிட்னியையும் கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சுக்கிட்டே இருக்கும். இப்பவே பிடிச்சா நல்லா வெச்சுக்கலாம். சரி, பரீட்சை முடிஞ்சதும் வா. அதுக்கு மேல தள்ளக் கூடாது."

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். லாண்டரிக்கு மேலேயே வீடு. கீழே எந்திரம் ஓடினால் தட்டில் தண்ணீர் நடுங்கும். அண்ணி சோறு போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, துடைத்தபடியே, "இந்த வயசுல பிரஷரா? பிரஷரெல்லாம் நம்ம பாய்லருக்குத்தான்" என்றார்.

சொன்ன மாத்திரத்தில் அவர் முகம் மாறியது.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். "அவனும் இதையேதான் சொன்னான்" என்றாள். "இதே இடத்துல உக்காந்து. 'எனக்கும் பாய்லருக்கும் ஒரே வியாதிம்மா, பிரஷராம்'னான். நீங்க சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். 'ஒரு டம்ளர் எலுமிச்சைத் தண்ணி குடி, எறங்கிடும்'னேன். உப்புப் போட்டுக் குடுத்தேன்."

"அது எப்பவோ நடந்தது. அதுக்கும் இதுக்கும்..." என்று அண்ணன் இழுத்தார்.

"அவனுக்கும் அப்ப இவ வயசுதான்."

"மெஷின் தப்பாக் காட்டியிருக்கும். நர்ஸ் அழுத்திக் கட்டியிருப்பா."

"ரெண்டு கையிலயும் பார்த்தாங்க அண்ணே" என்றேன்.

"நீ சும்மா இரு தங்கச்சி" என்றார். அவர் என்னை அதட்டியதே இல்லை. பிறகு குரல் இறங்கி, "சாப்பிடுங்க, ஆறிப்போகுது" என்றார்.

சின்னவள் தட்டைப் பார்த்தபடியே, "அப்பா சொல்றது சரி. பரீட்சைக் கவலைதான். எறங்கிடும், விடுங்க" என்றாள். பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு எழுந்துபோனாள்.

அதிலிருந்து அவள் பாதிப் பாதியாகத்தான் சாப்பிட்டாள். நான் கவனித்தேன், பரீட்சைப் பயம் என்றே நினைத்தேன். உப்புத் தண்ணீர்ப் பானைப் பக்கமே போவதில்லை. மூட்டை இறக்கும்போது முதல் ஆளாக நிற்பாள். வேலையே இல்லாவிட்டாலும் மாடிப்படியில் ஏறுவாள், இறங்குவாள், மறுபடி ஏறுவாள். "ஏண்டி இப்படி ஓடுற?" என்றால், "உடம்பு லேசா இருக்கட்டும் அத்தை" என்பாள். மெஷினைக் கட்டுவதற்குள் பிரஷரைத் தானாகவே இறக்கிவிட வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு. கட்டினால் நிஜமாகிவிடும். நிஜமானால் மூத்தவன் நின்ற இடத்தில்தான் தானும் நிற்கிறாள் என்று ஆகிவிடும். இதெல்லாம் பின்னால் அவளே சொல்லி எனக்குத் தெரிந்தது. சாப்பாட்டைக் குறைத்தவள் ஊசி அளவைக் குறைக்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

ஏதோ பெரிய விருந்துக்கான மேசைத் துணிகள் மலையாகக் குவிந்திருந்த பிற்பகல். வெளியே மழை பெய்து, ஜன்னல்களைச் சாத்தியிருந்ததால் கூடம் முழுக்கப் புகை மூட்டம் போல் நீராவி. அண்ணி வலது முனையில், சின்னவள் இடது முனையில். துணி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. நான் ஓர் உறையின் மூலையை மடித்துக்கொண்டிருந்தேன். துணி கோணியது. இடது பக்கம் மூலை நழுவியது.

நிமிர்ந்து பார்த்தேன். சின்னவள் உருளையைப் பார்த்தபடி நின்றாள். அதன் பக்கம் கையை நீட்டுவதா வேண்டாமா என்று யோசிப்பவள் போல விரல்கள் நடுங்கின. நெற்றியில் முத்து முத்தாக.

"குட்டி, வேர்க்குதுடி. போய்க் குடி" என்றேன்.

"எதை?" என்றாள். நாக்கு குழறியது. "யார் துணி இது?"

பாய்லர்காரர் உருளையை நிறுத்தினார். நான் ஓடிப்போய் அவளைப் பிடித்து உட்காரவைத்தேன். கழுத்து பனிக்கட்டியாக இருந்தது. அலமாரியிலிருந்து குளுக்கோஸை எடுத்துக் கரைத்துக்கொண்டு திரும்பினேன். அண்ணி நடுவில் வந்து நின்றாள்.

"குடுக்காதீங்க!"

"அண்ணி, லோ மாதிரி இருக்கு..."

"அன்னைக்கும் அப்படித்தான் இருந்துச்சு! இதே வேர்வை! குடுத்தோமே, குடுத்துக் குடுத்தே அனுப்புனோமே!" அவள் மகளின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். "வேனை எடுங்க! டேய், உனக்கு ஒண்ணும் இல்லடா. அம்மா இருக்கேன். ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்டா. டேய்!"

அவள் கண் எங்களைப் பார்க்கவில்லை. அந்த வெயில் நாளைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கையிலிருந்த டம்ளரைத் தட்டிவிட்டாள். சின்னவள் தாயின் கையை விலக்கப் பார்த்தாள், முடியவில்லை. தலை ஒரு பக்கம் சரிந்தது. நானே தடுமாறிப்போனேன். உண்மையிலேயே நெஞ்சாக இருந்தால்? பிரஷர் என்று சொல்லியிருக்கிறார்களே?

வாசலில் மூட்டையை எண்ணிக்கொண்டிருந்த அண்ணன் சத்தம் கேட்டு வந்தார். இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு சின்னவளின் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினார். அதில் சர்க்கரை பார்க்கும் மெஷின் இருந்தது. இத்தனை வருடத்தில் அவர் அதைத் தொட்டதில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் குத்துவது அண்ணிதான். ரத்தத்தைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும்.

"எப்படிப் போடணும்? தங்கச்சி, எப்படிப் போடணும்?"

"அந்தச் சின்னப் பட்டையை உள்ள சொருகுங்க. விரலைத் துடைங்க."

நாள் முழுக்க ஈரத்தில் ஊறி வெளுத்திருந்த விரல். முதல் குத்தில் ரத்தம் வரவில்லை. இரண்டாவது குத்தில் அவர் விரலைத் திருகிப் பிழிந்தார். ஒரு சொட்டு வந்தது. மெஷின் எண்ணத் தொடங்கியது. அந்தச் சில நொடிகளில் அண்ணியும் அதையே பார்த்தாள்.

முப்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு.

"பாரு" என்று அண்ணன் அந்த மெஷினை அண்ணியின் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். "சர்க்கரைதான் எறங்கியிருக்கு. பாருடி, இவ வேற. இது வேற நாள். கையை எடு."

அண்ணி கையை எடுத்தாள். பாய்லர்காரர் அதற்குள் மறுபடி கரைத்துக் கொண்டுவந்திருந்தார். சின்னவளை நிமிர்த்திப் பிடித்து, "விழுங்கு, விழுங்கு கண்ணு" என்று மடக்கு மடக்காகக் கொடுத்தேன். நல்ல வேளை, விழுங்கும் நிலை அவளுக்கு இன்னும் இருந்தது. பாதி டம்ளர் தாடையில் வழிந்தது. பாதி உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் கண்ணில் ஆள் திரும்பி வந்தது. "ஏன் எல்லாரும் நிக்கிறீங்க?" என்றாள்.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அவருக்குத் தலை சுற்றியது.

ரொட்டியும் அவித்த முட்டையும் கொடுத்துச் சாப்பிடவைத்தோம். மறுபடி குத்திப் பார்த்ததில் ஏறியிருந்தது. மழை விடவில்லை. அண்ணி மாடிப்படியின் கீழ்ப்படியில் போய் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் குடுத்தேன், போயிட்டான்" என்றாள் அண்ணி. "இன்னைக்குக் குடுக்க விடல. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நீயும் போயிருப்ப. எனக்கு எதுதாண்டி தெரியுது?"

"நீ குடுக்கலம்மா. நான்தான் குடுத்தேன்."

அண்ணி திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணாவுக்கு. நான்தான் லோன்னு கத்தினேன். நான்தான் கரைச்சேன். ரெண்டாவது டம்ளர் வேண்டாம்னு தலையாட்டினான். நான் விடல." அவள் அழவில்லை. "மூணு வருஷமா அந்தத் தலையாட்டல்தான்மா வருது. உருளைக்கு இந்தப் பக்கம் நின்னு உன்னைப் பார்த்தா, அவன் எப்படிப் பார்த்திருப்பானோ அப்படித் தெரியுது. நீ டேய்ன்னு கூப்பிட்டா, அவன் இன்னும் இருக்கான், நான் ஒண்ணும் பண்ணலன்னு தோணும். அதனாலதான் பேசாம இருந்தேன்."

மூன்று வருடம் ஒரே விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். ஒருத்தி மனதில் இருந்தது இன்னொருத்திக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அண்ணி மகளின் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள், எலும்பு வலிக்கும் அளவுக்கு.

அன்று சாயங்காலமே டாக்டரம்மாவிடம் போனோம். அண்ணனும் வந்தார். பாய்லர் அணைந்து கிடந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டரம்மா சின்னவளைத் திட்டினாள், முதலில் அதைத்தான் செய்தாள். "சாப்பாட்டைக் குறைச்சிட்டு ஊசியை அப்படியே போட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? பட்டினி கிடந்து பிரஷரை விரட்டலாம்னு யார் சொன்னா?" பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"உன் அண்ணனைச் சர்க்கரைத் தண்ணி கொல்லல. அந்த இதயம் பல வருஷமா கஷ்டப்பட்டுக்கிட்டு இருந்திருக்கு. கட்டுப்படாத பிரஷர், சர்க்கரை, அவன் சிகரெட் வேற பிடிச்சான் இல்ல? நீ குடுத்த ரெண்டு டம்ளர்ல ஒண்ணும் ஆகல. லோவா இருக்கும்னு நெனச்சுக் குடுத்தது தப்பே இல்ல. இனிமே வேர்த்தா முதல்ல விரலைக் குத்திப் பாருங்க. கம்மியா இருந்தா சர்க்கரை குடுங்க. மெஷின் கையில இல்லன்னாலும் குடுத்துடுங்க, யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க. குத்திப் பார்த்து கம்மியா இல்ல, ஆனா வேர்க்குது, மூச்சு வாங்குது, தோள் தாடை கனக்குதுன்னா, ஒரு நிமிஷம்கூட நிக்காம நேரா ஆஸ்பத்திரி. புரியுதா?"

சின்னவள் தலையாட்டினாள். மூத்தவனைப் பற்றிச் சொன்னதை நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. அது டாக்டர் சொல்லித் தீர்கிற விஷயம் இல்லை. ஆனால் வெளியே வரும்போது அவளே திரும்பி நின்று, "அந்த மெஷினை எப்ப கட்டிக்கலாம்?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் கட்டினார்கள். முழங்கைக்கு மேல் பட்டை, இடுப்பில் சின்னப் பெட்டி. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அது உர்ரென்று காற்றடித்துக் கையை இறுக்கும். அப்போது கையை ஆட்டக் கூடாது. உருளையில் துணி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே உறுமும். அண்ணியும் தன் முனையை அப்படியே பிடித்தபடி நிற்பாள். பாய்லர்காரர் வால்விலிருந்து கையை எடுப்பார். நானும் மிதியிலிருந்து காலைத் தூக்கிவிடுவேன். கூடம் முழுக்க மூச்சடக்கி நிற்கும். காற்று இறங்கியதும்தான் எல்லாம் மறுபடி ஓடும். மதியத்துக்குப் பிறகு பாய்லர்காரர், "இன்னைக்கு முதலாளி யாருன்னு தெரிஞ்சுபோச்சு, அந்தப் பெட்டிதான்" என்றார். அண்ணன் சிரிக்க வாயெடுத்தவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி சிரித்தாள். பிறகே அவரும் சிரித்தார்.

முடிவு கேட்கப் போன அன்று கிளினிக்கில் நல்ல கூட்டம். நாங்கள் மூன்று பேரும் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு பெண். மடியில் ஏழெட்டு வயது மதிக்கத்தக்க மகள், பூப்போட்ட கவுன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, புதிதாக வந்தவள். ஊசியும் பஞ்சும் வைக்கும் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"உங்க பொண்ணுக்கா?" என்று அண்ணியிடம் கேட்டாள்.

"ஆமா. பதினொரு வயசுல வந்துது."

"இவளுக்குப் போன மாசம்தான். ராத்திரி தூங்கவே பயமா இருக்குங்க. பழகிடுமா?"

"பழகிடும். சாப்பாடு, ஊசி எல்லாம் கை தானா செய்யும்."

"ஒரே பொண்ணா உங்களுக்கு?"

யார் கேட்டாலும் அண்ணி இதற்கு ஆமாம் என்றுதான் சொல்வாள். மூன்று வருடமாக அப்படித்தான். நானும் சின்னவளும் அந்த ஆமாமுக்குக் காத்திருந்தோம்.

"ரெண்டு பேர்" என்றாள் அண்ணி. "மூத்தவன் பையன். அவனுக்கும் சர்க்கரைதான்."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அப்படியா? அவர் நல்லா இருக்காரா? வேலைக்கெல்லாம் போறாரா?"

சின்னவள் தாயின் கையைப் பிடித்தாள். பேச்சை மாற்ற நான் வாயெடுத்தேன். அண்ணி என்னைப் பார்க்காமலேயே தலையசைத்தாள்.

"அவன் இல்லம்மா. இருபத்தெட்டு வயசுல இதயம் நின்னுபோச்சு. சர்க்கரையை நாங்க நல்லாத்தான் பார்த்துக்கிட்டோம். பிரஷர் இருக்குன்னு சொன்னாங்க, அதை மட்டும் நம்பல. சின்னப் பையனுக்கு ஏது பிரஷர்னு இருந்துட்டோம்." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்க பொண்ணுக்குக் கையில பட்டை கட்டிப் பார்த்தாங்களா?"

அந்தப் பெண் மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, "காத்து வரல" என்று முணுமுணுத்து, எதிர்ப்பக்கப் பெஞ்சின் கோடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"சொல்லியிருக்கக் கூடாதோ?" என்றாள் அண்ணி மெதுவாக.

எங்களைக் கூப்பிட்டார்கள். பிரஷர் நிஜம்தான். தூங்கும்போதுகூட இறங்கவில்லை. டாக்டரம்மா இதயத்துக்கும் சோதனை செய்திருந்தாள். அது இப்போதைக்கு நன்றாக இருந்தது. சிறுநீரில் லேசாகப் புரதம் கசிகிறது, மருந்துக்கு அது சரியாகும் வாய்ப்பு உண்டு என்றாள். தினமும் ஒரு மாத்திரை. உப்பைக் குறைக்க வேண்டும். பட்டினி கூடாது. "கல்யாணம், குழந்தைன்னு யோசிக்கும்போது முன்னாடியே என்கிட்ட சொல்லணும், இந்த மாத்திரையை மாத்தணும்" என்றாள். சின்னவள் காது சிவந்து, "இப்பவே ஏன் டாக்டர்?" என்றாள். மூத்தவன் இறந்த பிறகு அவள் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். அண்ணி மட்டும் ஒவ்வொரு சொல்லையும் உதட்டை அசைத்துத் தனக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தோம். நர்ஸின் மேசைக்கு முன்னால் அந்தப் பெண் நின்றிருந்தாள். மகளின் கவுன் கையைத் தோள் வரைக்கும் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ கூட்டத்துல இப்பவே பாக்கணுமாம்மா? அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றாள் நர்ஸ்.

"இருக்கட்டும். பாருங்க" என்றாள் அந்தப் பெண். "பார்த்துட்டு எனக்கு நம்பரைச் சொல்லுங்க."

நர்ஸ் ஒரு பெருமூச்சு விட்டு, அலமாரியிலிருந்து குழந்தைகளுக்கான சின்னப் பட்டையைத் தேடி எடுத்தாள். கட்டிக் காற்றடித்தாள். "அம்மா, இறுக்குது" என்று அந்தச் சிறுமி சிரித்தாள்.

அந்தப் பெண் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, தலையாட்டவும் இல்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

"வாம்மா போகலாம்" என்றாள் சின்னவள்.

"இரு" என்றாள் அண்ணி. நின்ற இடத்தை விட்டு அசையாமல், அந்தக் குழந்தையின் கையிலிருந்து காற்று முழுக்க இறங்கி, நர்ஸ் எண்ணைச் சொல்லும்வரைக்கும் நின்றாள். பிறகுதான் படியில் கால் வைத்தாள்.